மலிவு பெடலின் கரகரப்பு போன கதை

பழைய ஃபெண்டர் வால்வு ஆம்ப் (கிடார் ஒலிபெருக்கி) போல ஒலிக்குமென்று, கிடார் ஒலியை மாற்றும் ஒரு மலிவு பெடல் வாங்கி, கிடாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரே செருகினேன். ஹெட்போனில் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். ட்ரெபிளை முழுக்கக் குறைத்தும் போகவில்லை. பெடலைத் திட்டித் தீர்த்தேன், பாவம்.

கோளாறு வேறு இடத்தில். ஆம்பின் அந்த இதமான ஒலியில் பெரும்பங்கு ஸ்பீக்கருடையது. 12 அங்குல கிடார் ஸ்பீக்கரில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சட்டென்று சரிந்துவிடும்; ஹெட்போனோ எல்லாவற்றையும் காதில் கொட்டும். கணினியில் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் 'ஐஆர் லோடர்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் ஒரு கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டி) ஃபைலை ஏற்றினேன். வண்டு பறந்துவிட்டது.

அப்புறமும் மெல்லிய 'உம்ம்' மிச்சம். அது அடாப்டரின் வேலை; 9 வோல்ட் பேட்டரி போட்டதும் அடங்கியது. பெடலில் ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் கெயின் திருகை மட்டும் பாதிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன், தந்தியை ஓங்கி அடித்தால்தான் ஒலி லேசாகக் கிழிகிறது.