சுகர் சென்சார் வியர்வையில் கழன்று வராமலிருக்க

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சுகர் சென்சாருக்கு 14 நாள் ஆயுசு என்று டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் சென்னை காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர் கையில் அது பாதியிலேயே ஓரம் பிரிந்து தொங்கும். பெரும்பாலும் தப்பு சென்சாரில் இல்லை, ஒட்டிய விதத்தில்.

இடம் மேல்கையின் பின்பக்கச் சதை. கூடை வைக்கிற தோளும், ஒருக்களித்துப் படுக்கிற பக்கமும் வேண்டாம். ராத்திரி குளித்த பிறகு ஒட்டுவது உத்தமம். வியர்க்குமுன் பசை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு போக சாதா சோப்பால் கழுவுங்கள். முடி இருந்தால் மழித்துவிடுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் முழுசாகக் காயவிடுங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் அது காய நேரமெடுக்கும். ஈரத்தின் மேல் ஒட்டினால் பசை பிடிக்காது. அழுத்திய பிறகு ஓரத்தைச் சுற்றி விரலால் அரை நிமிஷம் தேய்த்துவிடுங்கள். மேலே டேப் போட்டால் நடுவிலுள்ள சின்ன ஓட்டையை மூடாதீர்கள். ஓரம் பிரிந்தால் இழுக்காமல் கத்தரித்துவிடுங்கள். ஈரமானால் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம்.

உள்ளே போவது சுமார் 5 மில்லிமீட்டர் மெல்லிய இழை. அதிலுள்ள நொதி (என்சைம்) குளுக்கோஸோடு வினைபுரியும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் சென்சார் எண்ணாக மாற்றுகிறது. அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அதனால் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டால் விரல் ரத்தத்தில் முதலில் ஏறும், சென்சாரில் 5, 10 நிமிஷம் பிந்தித்தான் தெரியும். முதல் நாள் எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம்.

நடுராத்திரி சுகர் 60 என்று அலாரம் அடித்தால் கை உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நசுங்கினால் அங்கே நீரோட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும்; புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். ஆனால் கை நடுங்கினாலோ, ஜில்லென்று வியர்த்தாலோ யோசிக்காதீர்கள்: விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றாலும் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள்.

சப்புகிற 500 மி.கி. விட்டமின் சி மாத்திரை ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் போனால் சில மாடல்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். புது சென்சாரை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் நொதி கெடும்.

கழற்றும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி 5 நிமிஷம் விடுங்கள், தோல் உரியாது. அடுத்ததை மறு கையில் ஒட்டுங்கள்.