சர்வே காசு: கைக்கு வருவதற்குள் கோட்டை விடும் இடங்கள்

காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, ஆன்லைன்ல சர்வே பண்ணினா காசு வருமாமே, நிஜமா?" வரும். கம்பெனிகள் கேட்கும் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் சொல்லும் இந்த வேலையை, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நானும் செய்கிறேன். செல் ரீசார்ஜுக்கு ஆகும். ஓசூர் கம்பெனி வேலைக்குப் பதிலாக இதை நினைத்தால் பட்டினிதான். சேர்ந்த அந்தச் சொற்பக் காசையும் நம் ஆட்கள் பலர் எடுக்கப் போகிற அன்று தொலைக்கிறார்கள்.

அதற்கான விதை பதிவு செய்யும் அன்றே விழுந்துவிடுகிறது. பாலக்கோடு என்று போட்டால் சர்வே குறையும் என்று யாரோ சொல்ல, ஊர்ப் பெயரில் பெங்களூரு. வயது, வருமானம், கார் எல்லாம் அந்த நேரத்து வாய்க்கு வந்தபடி. தெரிந்த தம்பி ஒருவன் முதல் வாரம் கல்யாணமாகாதவன் என்று போட்டான். குழந்தை டயப்பர் சர்வே வந்ததும் இரண்டு பிள்ளைக்கு அப்பாவாகிவிட்டான்! பழைய பதில்களை அந்தத் தளம் பத்திரமாக வைத்திருந்தது. 400 ரூபாய் சேர்ந்து பணம் கேட்டான், சரிபார்க்கிறோம் என்றார்கள், கணக்கு முடங்கியது.

இப்படிப் பொய் சொல்லத் தூண்டுவது பாதியில் வெளியே தள்ளப்படும் எரிச்சல். பத்து நிமிஷம் பதில் சொன்ன பிறகு 'நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை' என்று வரும். ஒவ்வொரு ஆய்வுக்கும் இந்த வயதில் இத்தனை பேர், இந்தப் பொருளை வாங்குபவர் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அது நிரம்பினால் நமக்கு இடமில்லை, அவ்வளவுதான். அடுத்ததைப் பாருங்கள்.

படிக்காமல் தட்டுபவர்களுக்கு ஒரு பொறியும் உண்டு. நடுவில், "இந்த வரியில் 'ஓரளவு உடன்படவில்லை' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருக்கும். டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் நடு வட்டத்தைத் தொடுகிறவர் அங்கே மாட்டுவார். ஒரே வீட்டு வைஃபையில் அக்கா, தம்பி என்று இரண்டு கணக்கு திறப்பதையும் பல தளங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம் பணம் எந்த வடிவில் வரும் என்பதை முதலிலேயே பாருங்கள். கூகுள் ஒபினியன் ரிவார்ட்ஸ் ஆண்ட்ராய்டு போனில் தருவது ப்ளே ஸ்டோர் கிரெடிட். அது வங்கிக்கு வராது, ஒரு வருடத்தில் காலாவதியும் ஆகும். இணையத்தில் பணம் அனுப்பவும் வாங்கவும் உதவும் பேபால், 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும் வாங்கலாம். அதற்குப் பான் எண் வேண்டும். நம் ஊர்த் தொல்லை இனிஷியல்! பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து, சர்வே கணக்கில் செல்லப்பெயர். 500 ரூபாய்க்காக என் கடையில் பெயர்த் திருத்தத்துக்கு அலைந்தவர்கள் உண்டு.

இதெல்லாம் சில நூறு ரூபாய் சமாச்சாரம். பெரிய அடி டெலிகிராமில் விழுகிறது. மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்து வீட்டில் இருந்த அக்கா ஒருவருக்கு, 'கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் 50 ரூபாய்' என்று செய்தி வந்தது. மூன்று ஹோட்டலுக்குப் போட்டார், 150 ரூபாய் உடனே வந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து 'ப்ரீபெய்ட் டாஸ்க்': 1,000 கட்டினால் 1,300. அதுவும் வந்தது. பிறகு 5,000, அதற்கு மேல் 12,000. பணம் திரையில் ஏறிக்கொண்டே போனது, கைக்கு வரவில்லை. ஒழுங்கான சர்வே தளம் ஒரு ரூபாய் கூடக் கட்டச் சொல்லாது. பணம் வாங்க யுபிஐ ரகசிய எண்ணும் (PIN) தேவையில்லை.

அந்த அக்கா என்னிடம் வந்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் போட்டு, சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து கொடுத்தேன். தெரிந்த நிமிஷமே அழைத்திருந்தால், பணம் கணக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். புகார் நகலை மடித்துக்கொண்டே போனை நீட்டினார். "பாருப்பா, இன்னும் 8,000 கட்டினா மொத்தத்தையும் தர்றேன்னு இப்பவும் மெசேஜ் வருது."