"இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலையே": வேலை இடத்துல உடம்பைக் கெடுக்கிற தப்புகள்

வேலை இடத்துல ஆபத்துன்னாலே நம்ம எல்லாருக்கும் மேல இருந்து விழுறது, மெஷின்ல கை மாட்டுறது, ஷாக் அடிக்கிறது இதுதான் ஞாபகம் வரும். ஹெல்மெட் போடு, ஷூ போடுன்னு போர்டு வைக்கிறதும் அதுக்குத்தான். ஆனா உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, 2016-ங்கிற ஒரே வருஷத்துல வேலையால செத்தவங்க சுமார் 19 லட்சம் பேர், அதுல விபத்துல போனவங்க 3.6 லட்சம் பேர்தான். மிச்சம் எல்லாமே நோய். நுரையீரல், இதயம், பக்கவாதம், கேன்சர்னு. இந்தச் சாவு எதுவும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஏறாது, ஏன்னா அந்த ஆளு வேலையை விட்டு பத்து பதினஞ்சு வருஷம் ஆகி வீட்டுல படுத்திருப்பாரு, பாக்குறவங்க "அவருக்கு ரொம்ப நாளா ஆஸ்துமா", "சிகரெட் நிறைய குடிப்பாரு"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க.

நான் கீழ சொல்ற தப்பு எல்லாமே ஒரே வேர்ல இருந்து வருது: நம்ம உடம்பு காட்டிக் குடுத்துடும்னு நம்புறது. இருமல் வந்தா பாத்துக்கலாம், வாசனை வந்தா வெளிய ஓடிடலாம், எரிஞ்சா கழுவிக்கலாம்னு. பாதிக்கு மேல விஷயத்துல உடம்பு நேரத்துக்கு எதையும் காட்டாது.

தூசுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதைத்தான் யாரும் விஷமா நினைக்கிறதே இல்ல. கல்லு அறுக்கிறது, டைல்ஸ் கட்டிங், கான்கிரீட்ல டிரில் போடுறது, மணல் பிளாஸ்டிங் எல்லாத்துலயும் சிலிக்கா (கல்லுலயும் மணல்லயும் இருக்கிற கனிமம்) தூசு கிளம்பும். கண்ணுக்குத் தெரியுற மேகம் மாதிரி தூசு இருக்கே, அதுல பெரும்பகுதி மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், தும்மினா சளியோட வந்துடும். நுரையீரலோட அடி வரைக்கும் போறது சில மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சைஸ்ல இருக்கிற தூள், அது கண்ணுக்கே தெரியாது, பெரிய தூசு எல்லாம் அடங்கி இடம் "கிளீனா" இருக்குன்னு நீங்க மாஸ்க்கைக் கழட்டுற நேரத்துல அது இன்னும் காத்துல மிதந்துக்கிட்டுதான் இருக்கும். அமெரிக்காவுல 2016-ல இதுக்கு வெச்ச லிமிட் ஒரு கன மீட்டர் காத்துக்கு 50 மைக்ரோகிராம், எட்டு மணி நேர சராசரி. ஒரு ஷிப்ட்ல ஒரு ஆளு சுமார் 10 கன மீட்டர் காத்து இழுப்பாருன்னு வெச்சா மொத்தம் அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நூறு பங்கு போட்டா அதுல ஒரு பங்கு கூட வராது. அவ்ளோதான் லிமிட்டே. தண்ணி விடாம ஒரு கல்லை அறுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இங்க நடக்கிற தப்பு ரெண்டு. ஒண்ணு, தண்ணி விட்டா சேறாகுது, மார்க்கிங் அழியுதுன்னு டிரையா அறுக்கிறது. இன்னொன்னு வேலை முடிஞ்சதும் துடைப்பத்தால கூட்டுறது, அப்புறம் கம்ப்ரஸர் பைப்பை எடுத்து சட்டை மேலயும் தலை மேலயும் காத்து அடிச்சுக்கிறது. ரெண்டாவதைப் பாத்தா எனக்கு இப்பவும் பதறும், எட்டு மணி நேரமா படிஞ்ச தூசை ஒரே நிமிஷத்துல முகத்துக்கு நேரா கிளப்பி விடுற வேலை அது, அதுவும் மாஸ்க்கைக் கழட்டிட்டு. ஈரத்துணி, தண்ணி தெளிச்சுக் கூட்டுறது, நல்ல ஃபில்டர் உள்ள வேக்கூம் இதுல எது முடியுதோ அது. சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசால நுரையீரல் தழும்பாகுற நோய், வந்துட்டா நுரையீரல் பழையபடி ஆகாது, வேலையை நிறுத்தின பிறகும் கூடிக்கிட்டே போகலாம், டிபி வர்ற வாய்ப்பும் அதனால ஏறும். முன்னெல்லாம் பத்து இருபது வருஷம் கழிச்சு வர்ற நோயா இருந்தது, சமையல் மேடைக்குப் போடுற செயற்கைக் கல்லுல சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலயே இருக்கிற ரகம் வந்த பிறகு சின்ன வயசுப் பசங்களுக்கே சில வருஷத்துல வர ஆரம்பிச்சுது, அதனாலதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ல இருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிடுச்சு.

அந்த சட்டையோடயே வீட்டுக்குப் போறது அடுத்த தப்பு. ஆஸ்பெஸ்டாஸ் ஃபேக்டரி பக்கமே போகாத பொம்பளைங்களுக்கு மீசோதீலியோமாங்கிற கேன்சர் வந்திருக்கு, புருஷனோட வேலைத் துணியை உதறித் துவைச்சதுதான் காரணம். அதுவும் இருபதுல இருந்து நாப்பது ஐம்பது வருஷம் கழிச்சு. பேட்டரி வேலை, ஈய வேலை பாக்குறவங்க வீட்டுல குழந்தைங்க ரத்தத்துல ஈயம் ஏறுறதும் இதே வழியிலதான். வேலைத் துணியை அங்கயே மாத்துங்க, தனியா துவைங்க, குழந்தையைத் தூக்குறதுக்கு முன்னாடி குளிச்சிடுங்க. அங்க மாத்த இடம் இல்லன்னா அதைக் கேட்டு வாங்கணும், ரூமும் குழாயும் கேக்குறது பெரிய சலுகை ஒண்ணும் இல்ல.

மாஸ்க் விஷயத்துக்கு வருவோம். கர்ச்சீப் கட்டுறதும் சர்ஜிக்கல் மாஸ்க் போடுறதும் நான் சொன்ன நுண்தூசுக்கு உதவாது, ஓரத்துலயே உள்ள வந்துடும். என்-95 தூசை நல்லா பிடிக்கும், ஆனா தின்னர் ஆவி, பெயிண்ட் ஆவி, கேஸ் இதெல்லாம் அது வழியா நேரா உள்ள போகும், தின்னர், பெயிண்ட் ஆவிக்கு கரி நிரப்பின கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் வேணும், ஆனா எல்லா கேஸையும் கரி பிடிக்காது. முழுத்தாடி இருந்தா எந்த டைட் மாஸ்க்கும் சீல் ஆகாது, இதைச் சொன்னா நிறைய பேருக்கு கோவம் வருது, ஆனா காத்து சுலபமான வழியிலதான் போகும், தாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா ஃபில்டர் வழியா எதுக்கு போகப் போகுது? நல்ல மாஸ்க் வாங்கிக் குடுத்த இடத்துல கூட அதை எங்க வைக்கிறாங்கன்னு பாருங்க, பெயிண்ட் பூத்துக்குள்ளயே ஒரு ஆணியில தொங்கும். அந்தக் கரி நீங்க போட்டிருந்தாலும் போடலன்னாலும் ஆவியை உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், மறுநாள் நீங்க மாட்டும்போது அது ஏற்கனவே நிறைஞ்சு போயிருக்கலாம். உள்பக்கத்துல தூசு படிஞ்சிருந்தா அதை நீங்களே மூக்குக்கு நேரா வெச்சுக்கிறீங்க. கவர்ல போட்டு மூடி, வெளிய வைங்க, கார்ட்ரிட்ஜை எப்ப மாத்தணும்னு தேதி எழுதுங்க.

இதெல்லாம் சொன்னாலும் மாஸ்க்ல இருந்து ஆரம்பிக்கிறதே தப்புதான். முதல்ல அந்தப் பொருள் தேவையா, அதுக்கு பதிலா ஆபத்து குறைஞ்சது இருக்கான்னு பாக்கணும், அப்புறம் தண்ணி, எக்ஸாஸ்ட், மூடி வைக்கிறது, அப்புறம் வேலை நேரத்தை மாத்துறது, கடைசியாத்தான் மாஸ்க்கும் கிளவுஸும். நிறைய முதலாளிங்க தலைகீழா பண்றாங்க, ஏன்னா மாஸ்க் மலிவு, அதோட ஏதாவது ஆச்சுன்னா "அவன் போடல"ன்னு சொல்லிடலாம்.

வாசனை வந்தாதான் ஆபத்துன்னு நினைக்கிறது நேரா உயிரை எடுக்கிற தப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்ல, சாக்கடை, டேங்க், எண்ணெய் சுத்திகரிப்பு இடம் எல்லாத்துலயும் வர்றது, அது 1 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்கு) கீழயே மூக்குக்குத் தெரிஞ்சிடும். ஆனா 100 பிபிஎம் பக்கத்துல போகும்போது மூக்கோட நரம்பு மரத்துப்போயிடும், நாத்தம் நின்னுடும். உள்ள இருக்கிறவர் "ஆங், காத்து வந்துடுச்சு, இப்ப பரவாயில்ல"ன்னு இன்னும் ரெண்டு படி கீழ இறங்குவாரு. அதே கேஸ் 1000 பிபிஎம் பக்கத்துல இருந்தா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆளு சுருண்டு விழலாம். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது, மூடின இடத்துல ஜெனரேட்டர் ஓட்டினா லேசான தலைவலி, தூக்கம், அவ்ளோதான். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் கூட இதுல ஏமாத்தும், ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் 98, 99-னு காட்டும்.

டேங்க்ல ஒருத்தர் விழுந்தா அடுத்தவர் குதிக்கிறார் பாருங்க, அங்கதான் சாவு ரெண்டாகுது, மூணாகுது. இந்த மாதிரி மூடின இடத்துச் சாவுகளை ஆராய்ஞ்சு அமெரிக்காவோட வேலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நியோஷ் 1986-ல சொன்னது, செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்க. நல்ல மனசுதான், ஆனா மூச்சை அடக்கிக்கிட்டு போய் ஒரு ஆளைத் தூக்கிட்டு வர யாராலயும் முடியாது. இறங்குறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு காத்தைப் பாக்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ இருந்தா இறங்கக் கூடாது, இறங்குறவர் உடம்புல மாட்டின ஹார்னஸ் பெல்ட்ல கயிறும் வெளிய ஒரு ஆளும் இருக்கணும், வெளிய நிக்கிறவர் எக்காரணம் கொண்டும் உள்ள போகக் கூடாது. மேல இருந்தே இழுத்துத் தூக்க ஏற்பாடு இல்லன்னா அந்த வேலையை அன்னிக்கு ஆரம்பிக்கவே வேணாம்.

தோல் வழியா விஷம் போகும்ங்கிறதை நம்பாதவங்க இன்னும் நிறைய பேர். கையில இருக்கிற கிரீஸையும் பெயிண்டையும் தின்னர்ல கழுவுறது, பெட்ரோல் ஊத்தித் துடைக்கிறது எல்லா ஒர்க்‌ஷாப்லயும் நடக்குது, அது தோல்ல இருக்கிற எண்ணெயை எடுத்துட்டு கையோட காவலையே திறந்து விட்டுடும், அப்புறம் அடுத்து தொடுற கெமிக்கல் இன்னும் வேகமா உள்ள போகும். "கிளவுஸ்தான் போட்டிருக்கேனே"ங்கிறதும் பத்தாது, எந்தக் கெமிக்கலுக்கு எந்த கிளவுஸ்ங்கிறதுதான் விஷயம். அமெரிக்காவுல டார்ட்மத் காலேஜ்ல கேரன் வெட்டர்ஹான்னு ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியை, உலோக விஷங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, 1996 ஆகஸ்ட்ல டைமெத்தில் மெர்குரிங்கிற பாதரச விஷம் சில துளி அவங்க லேடெக்ஸ் கிளவுஸ் மேல சிந்துச்சு. விதிப்படி கிளவுஸ் போட்டுத்தான் இருந்தாங்க. அந்தத் திரவம் லேடெக்ஸ்ல சில வினாடியில ஊடுருவும்னு அப்புறமா டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சுது. மாசக்கணக்குல ஒரு அறிகுறியும் இல்ல, அப்புறம் நடை தடுமாறுச்சு, பேச்சு குழறுச்சு, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. தெரிஞ்சவங்களுக்கே இப்படின்னா டப்பால லேபிளே இல்லாம வேலை பாக்குறவங்க நிலைமை என்ன.

செருப்பு ஒட்டுற சொல்யூஷன்லயும் சில கிளீனர்லயும் இருக்கிற ஹெக்சேன்ங்கிற கரைப்பான் இன்னொரு மாதிரி, அது நரம்பைக் கெடுக்கும். கால் விரல்ல லேசா மரமரப்பு, படி ஏறும்போது கால் தடுக்கும், "சத்து கம்மி"ன்னு விட்டமின் ஊசி போட்டுக்கிட்டு மறுபடி அதே ரூமுக்கு வேலைக்குப் போவாங்க. இதுல கொடுமை என்னன்னா வேலையை நிறுத்தின பிறகும் சில மாசம் நரம்பு மோசமாகிக்கிட்டே போய்த்தான் அப்புறம் தேற ஆரம்பிக்கும்.

பால் குடிச்சா விஷம் முறிஞ்சிடும்ங்கிற நம்பிக்கை பல நாட்டுல இருக்கு, சில இடத்துல கம்பெனியே டம்ளர் டம்ளரா குடுக்கும். பால் வயித்துக்குப் போகுது, தூசும் ஆவியும் நுரையீரலுக்குப் போகுது, ரெண்டும் வேற வேற குழாய். ஈய வேலையில உண்மையிலேயே உதவுறது வேற: வேலை இடத்துல சாப்பிடாம, பீடி சிகரெட் பத்த வைக்காம, கை வாய் கழுவிட்டு வேற இடத்துல போய் சாப்பிடுறது. காலையில வெறும் வயித்தோட போகாதீங்க, காலி வயிறு ஈயத்தை அதிகமா உறிஞ்சும்.

சத்தத்தைப் பத்தி சுருக்கமா, "பழகிடுச்சு"ன்னு சொன்னீங்கன்னா காது போக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். 85 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) சத்தத்துல இருக்கக்கூடிய நேரம் எட்டு மணி நேரம்னா, 88-ல நாலு மணி நேரம்தான். பாத்ரூம் கழுவுறவங்க பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் கலக்காதீங்க, குளோரின் கேஸ் வரும்.

இப்ப டாக்டர்கிட்ட போறப்ப பண்ற தப்பு. இதைத்தான் நான் ரொம்ப பெரிசா நினைக்கிறேன். என்ன வேலை பாக்குறீங்கன்னு நோயாளிகிட்ட கேளுங்கன்னு இத்தாலி டாக்டர் ரமசினி 1700-லயே எழுதி வெச்சாரு, இன்னிக்கும் கேக்குற டாக்டர் கம்மி, கேட்டாலும் நம்ம ஆளு "பிரைவேட் கம்பெனி"ன்னு சொல்லிடுவாரு. கம்பெனி பேரு டாக்டருக்கு எதுக்கு? தினமும் கையால என்ன தொடுறீங்க, எதை மூச்சுல இழுக்குறீங்க, பக்கத்து மெஷின்ல என்ன ஓடுது, கூட வேலை பாக்குற வேற யாருக்காவது இதே தொந்தரவு இருக்கா, இதைச் சொல்லுங்க. 2000-ல அமெரிக்காவுல மிசௌரியில பாப்கார்ன் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில முன்னாடி வேலை பாத்த எட்டு பேருக்கு ஒரே மாதிரி அரிய நுரையீரல் நோய்னு வெளிய வந்துச்சு. தனித்தனியா பாத்தா ஒவ்வொருத்தருக்கும் ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சின்னு பேரு வெச்சு மருந்து குடுக்கத் தோணும், எட்டு பேரையும் ஒண்ணா வெச்சுப் பாத்தாதான் வெண்ணெய் வாசனைக்கு சேக்குற டைஅசிடைல் பக்கம் கண்ணு போகும்.

எந்தக் கிழமையில வருதுன்னு கவனிச்சுச் சொல்றதும் பெரிய துப்பு. லீவுல இருமலும் இழுப்பும் குறைஞ்சு வேலைக்குப் போனா திரும்புதுன்னா வேலையால வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம், ரெண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிற டூ-கே பெயிண்ட்ல இருக்கிற ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இதுக்குப் பேர் போனது, ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாம போயிட்டா அப்புறம் துளி பட்டாலே இழுக்கும். பஞ்சு மில்லுல திங்கக்கிழமை நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், வாரம் போகப் போக குறையும், இதை வார லீவோட சோம்பல்னு நினைச்சு விட்டவங்க எத்தனையோ பேர். துத்தநாகம் பூசின ஜிஐ பைப்பை வெல்டிங் பண்ணின அன்னிக்கு சாயங்காலம் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு நாள்ல சரியாயிடும், வைரல் ஃபீவர்னு மாத்திரை போட்டுட்டு மறந்துடுவாங்க, அது துத்தநாகப் புகை.

டெஸ்ட் நார்மல்னு வந்துட்டா எல்லாம் சரின்னு நினைக்காதீங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம். ரத்தத்துல ஈயம் கொஞ்ச மாசத்துல இறங்கிடும், ஆனா எலும்புக்குள்ள போனது பல வருஷம் அங்கயே இருக்கும். வேலைக்குச் சேரும்போதே ஒரு தடவை நுரையீரல் டெஸ்ட், காது டெஸ்ட் எடுத்து வைங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க அதுதான் ஆதாரம். ரிப்போர்ட்டை கம்பெனி ஃபைல்ல மட்டும் விடாம உங்க காப்பியைக் கேட்டு வாங்குங்க. கூடவே ஒரு நோட்டு போடுங்க: எந்த வருஷம் எந்த வேலை, என்ன பொருள், மாஸ்க் இருந்துச்சா இல்லையா. டப்பா லேபிளை போன்ல போட்டோ எடுத்து வைங்க, சேஃப்டி டேட்டா ஷீட் (அந்தக் கெமிக்கலோட ஆபத்தையும் பாதுகாப்பையும் எழுதின தாள்) இருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, அவர் இல்லன்னு சொன்னா கேட்ட தேதியையும் அதே நோட்டுல எழுதிக்கோங்க.