ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம்: ஆங்கிலச் சொல்வளத்துக்கு ஒரு வழி

கூட வேலை பார்த்த ஒருவரைப் பாராட்டி மெயில் எழுதினேன். ஒவ்வொரு செலவையும் பார்த்துப் பார்த்துச் செய்பவர். 'ஃப்ரூகல்' என்று போட்டிருந்தால் முடிந்தது. கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று இணைச்சொற்களைத் தரும் அகராதியான தெசாரஸைத் தேடி, 'பார்சிமோனியஸ்' என்று போட்டேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எழுதியிருந்தது 'கருமி'!

அதோடு சொற்களைப் பட்டியலாக உருப்போடுவதை விட்டேன். இப்போது ஒரு சொல்லுக்கு நோட்டில் அரைப் பக்கம். அதே ஃப்ரூகலை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

படி 1: சொல்லைப் பிடியுங்கள்

படிக்கும்போது இடறுகிற சொல்லையே எடுங்கள். அது வந்த வாக்கியத்தையும் முழுதாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். எங்கே தொடங்குவது என்று திகைத்தால், மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' இருக்கிறது. கல்வி சார்ந்த எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள்.

படி 2: வரையறை

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வகை ஆங்கில அகராதியைப் பாருங்கள். சில ஆயிரம் எளிய சொற்களைக் கொண்டே பொருள் சொல்லிவிடும். படித்ததும் மூடிவிட்டு, சொந்த நடையில் எழுதுங்கள். 'சிக்கனமான' என்று தமிழில் எழுதி நிறுத்தினால், 'ஃப்ரூகல் மீல்' வரும்போது முழிக்க வேண்டியதுதான். அங்கே அது எளிமையான, கொஞ்சமான சாப்பாடு.

படி 3: இணைச்சொற்களை வரிசையில் நிறுத்துங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். இணைச்சொல் என்றால் அதே சொல் அல்ல, பக்கத்து வீட்டுச் சொல். ஒரு கோடு போட்டு, இடது முனையில் புகழ்ச்சி, வலது முனையில் வசை என்று குறியுங்கள். த்ரிஃப்டி, ஃப்ரூகல் இரண்டும் இடப்பக்கம். பார்சிமோனியஸ், ஸ்டிஞ்சி வலப்பக்கம். பிறகு ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி: இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேனா? பேச்சில் வருமா, எழுத்தில் மட்டுமா? ஸ்டிஞ்சி சாதாரணப் பேச்சில் புழங்கும். பார்சிமோனியஸைப் பெரும்பாலும் எழுத்தில்தான் பார்க்கலாம்.

படி 4: எதிர்ச்சொல்

எனக்கு மிகவும் பிடித்த படி. ஃப்ரூகலுக்கு எதிர் எக்ஸ்ட்ராவகன்ட், அதாவது ஆடம்பரமாகச் செலவழிப்பவர். ஸ்டிஞ்சிக்கு எதிர் ஜெனரஸ், தாராளமாகக் கொடுப்பவர். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் குட்டு உடைகிறது: ஒன்று செலவழிப்பதைப் பற்றியது, மற்றது கொடுப்பதைப் பற்றியது. வரையறையை நான்கு முறை படித்தும் எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு வேடிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட்' என்பதற்குள் 'த்ரிஃப்ட்', அதாவது சிக்கனம், ஒளிந்திருக்கிறது, பொருளோ ஊதாரி.

எதிர்ச்சொல்லே கிடைக்காத சொற்களும் உண்டு. வலிந்து தேடாமல் விட்டுவிடுங்கள்.

படி 5: திரும்பப் பாருங்கள்

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம். இடைவெளி விட்டுப் படித்தால் நெடுநாள் நிற்கும் என்பதை நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். பக்கத்தை மூடிவைத்து, சொல்லை மட்டும் பார்த்து மற்றதை நினைவிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

என் நோட்டில் பார்சிமோனியஸுக்கு மட்டும் முழுப் பக்கம். குறைந்த அனுமானங்களோடு விளக்கம் தரும் கோட்பாட்டை அறிவியலில் இதே சொல்லால்தான் பாராட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை அந்தச் சக ஊழியரிடம் சொன்னேன். "சமாளிக்காதே" என்றார்.