மைக்கேல் பேலினைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில நகைச்சுவை நடிகரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மைக்கேல் பேலினைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே வழுக்கக்கூடிய இடம், அவருக்குப் புகழ் தேடித் தந்த குழுவின் பெயர். மான்ட்டி பைத்தான் என்று ஒரு மனிதர் இருந்ததே இல்லை. 'பைத்தான்' என்றால் மலைப்பாம்பு என்றாலும், அக்குழுவின் தொடர் மலைப்பாம்பைப் பற்றியது அல்ல. 'மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற அத்தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் 'சர்க்கஸ்' என்ற சொல் இருந்தாலும் அதில் கூடாரமும் இல்லை, யானையும் இல்லை. 1969 அக்டோபர் 5 முதல் 1974 வரை பிபிசியில் 45 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடரை எழுதி நடித்த அறுவரையும் 'ஆங்கிலேயர்' என்று மொத்தமாகச் சொல்வதும் பிழைதான், ஏனெனில் டெர்ரி ஜோன்ஸ் வேல்ஸ்காரர், டெர்ரி கில்லியம் அமெரிக்காவில் பிறந்தவர். (கணினி மொழியான பைத்தானுக்கு அப்பெயர் வந்தது இக்குழுவிடமிருந்துதான், மின்னஞ்சலில் நாம் அன்றாடம் ஒதுக்கித் தள்ளும் 'ஸ்பேம்' கூட, 1970இல் ஒளிபரப்பான அவர்களது ஓர் உணவகக் காட்சியிலிருந்து வந்த சொல்.)

அடுத்தது, யார் எழுதினார், யார் நடித்தார் என்பதைக் குழப்பிக்கொள்வது. அத்தொடரின் புகழ்பெற்ற செத்த கிளிக் காட்சியைப் பேலினின் படைப்பு என்று எழுதிவிடுவது எளிது. அதை எழுதியவர்கள் குழுவின் மற்ற உறுப்பினர்களான ஜான் கிளீஸும் கிரகாம் சாப்மனும். செத்த கிளியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்து சீறுபவர் கிளீஸ்; பேலின் கடைக்காரர். கிளி ஓய்வெடுக்கிறது என்கிறார், ஊர் நினைவில் ஏங்குகிறது என்கிறார், இறகு எவ்வளவு அழகு பாருங்கள் என்கிறார். எதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. கோபப்படுபவரைப் பார்த்துச் சிரிப்பதாக நாம் நினைத்துக்கொண்டாலும், கூச்சமே இல்லாமல் பொய் சொல்லும் அந்தச் சாதுவான முகம் இல்லாவிட்டால் காட்சி நிற்காது என்பதே என் கருத்து. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தன் காரில் இருந்த கோளாறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் சமாளித்த ஒரு விற்பனையாளரைப் பற்றிப் பேலின் நண்பர்களிடம் சொன்ன கதைதான் இதற்கு விதை. 1968இல் வந்த வேறொரு நிகழ்ச்சியில் அது கார் விற்பனைக் காட்சியாகவே நடிக்கப்பட்டது. ஆகவே எழுதியவர்கள் அவ்விருவர் என்று சொல்லும்போதே, விதை பேலினுடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயேசு காலத்தில் வாழும் ஒருவனைப் பற்றிய நையாண்டியாகக் குழு எடுத்த 1979ஆம் ஆண்டுத் திரைப்படமான 'லைஃப் ஆஃப் பிரையன்' விஷயத்திலும் கவனம் தேவை: பிரையனாக நடித்தவர் சாப்மன், 'ர' எழுத்து நாவில் வராமல் தடுமாறும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து உள்ளிட்ட பல சிறு வேடங்களே பேலினுடையவை.

பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகளில் காணும் பெரிய பிழை, அவருடைய வாழ்க்கையை நடுவில் வெட்டி, நடிப்பை விட்டுவிட்டுப் பயணத்துக்குப் போனவராகக் காட்டுவது. 1980இலேயே லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் கைல் ஆஃப் லோக்கால்ஷ் வரை ரயிலில் சென்று பிபிசிக்கு ஒரு பயண நிகழ்ச்சி செய்தவர் அவர். பயணத் தொடர்களால் புகழ்பெற்ற பிறகும் 1991இல் 'ஜிபிஎச்' தொலைக்காட்சித் தொடரில் பள்ளித் தலைமையாசிரியராகவும், 2017இல் 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' படத்தில் சோவியத் தலைவர்களுள் ஒருவரான மோலொட்டோவாகவும் நடித்தார்.

80 நாளில் உலகைச் சுற்றும் பிபிசி பயணத் தொடர் அவருக்காகவே உருவானது என்று எழுதுவதும் தவறு. வேறு சிலர் மறுத்த பிறகே வாய்ப்பு அவரிடம் வந்தது. 80 நாளில் உலகைச் சுற்றுவதாகப் பந்தயம் கட்டும், ஜூல் வெர்ன் நாவலின் தலைவன் ஃபிலியஸ் ஃபாக்கின் தடத்தில், விமானத்தில் ஏறாமல் 1988 செப்டம்பர் 25 அன்று லண்டனில் கிளம்பினார். துபாயிலிருந்து பம்பாய்க்கு, குஜராத்தி மாலுமிகள் ஓட்டிய ஒரு மரக்கலத்தின் மேல்தளத்தில் கிட்டத்தட்ட ஒரு வாரம் கிடந்தார். வயிறு கெட்டுப் படுத்திருந்ததையும், மாலுமி ஒருவரின் காதில் தன் வாக்மேனை மாட்டி ராக் பாட்டுக் கேட்க வைத்ததையும் படக்கருவி அப்படியே பிடித்துக்கொண்டது. அந்தத் தொடரின் உயிர் அந்த மேல்தளத்தில்தான் இருக்கிறது; அங்கே அவர் நடிக்கவில்லை, ஆனால் கடைக்காரராக நின்றவரின் அதே பொறுமை தெரிகிறது. தமிழ் வாசகர்களுக்காக எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாவலின் ஃபாக் பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிறான். பேலினோ ரயிலில் மதராஸுக்கு வந்து, அங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் சென்றார். டிசம்பர் 12 அன்று லண்டன் திரும்பியபோது, ஃபாக்கின் பந்தயம் தொடங்கிய ரிஃபார்ம் கிளப்பின் உள்ளே படம்பிடிக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தொடர் ஒளிபரப்பானது 1989இல். பயண ஆண்டையும் ஒளிபரப்பு ஆண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

சொல் தேர்விலும் ஒரு தவறு நேர்கிறது. 1988இல் வந்த 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' படத்தில் பேலின் ஏற்ற கென் என்னும் பாத்திரம் திக்கித் திக்கிப் பேசும். அதைத் 'திக்குவாயன்' என்று எழுதிக் கேலிப் பாத்திரமாகக் கடந்துவிட்டால், அவ்வேடத்தின் வேர் தெரியாமல் போகும். பேலினின் தந்தை வாழ்நாள் முழுவதும் பேச்சு திக்குபவராக இருந்தார். வாய் வரை வந்த சொல் வெளியே வராமல் தவிக்கும் முகத்தை மகன் வீட்டில் பார்த்தே வளர்ந்தவர். படம் சிலரைப் புண்படுத்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்வேடத்துக்காகத் துணை நடிகருக்கான பாஃப்டா என்னும் பிரித்தானியத் திரைப்பட விருது பேலினுக்குக் கிடைத்தது. பின்னர், திக்கிப் பேசும் குழந்தைகளுக்கான ஒரு சிகிச்சை மையம் 1993இல் லண்டனில் அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது. 'திக்கிப் பேசுபவர்' என்று எழுதினாலே போதும்.

'இங்கிலாந்தின் மிக நல்ல மனிதர்' என்ற பட்டம் அவர் மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையே திருப்பித் திருப்பி எழுதுவது சோம்பல். 1979 நவம்பரில் 'லைஃப் ஆஃப் பிரையன்' குறித்து பிபிசியில் நடந்த விவாதத்தில், எழுத்தாளர் மால்கம் மகரிட்ஜும் லண்டனின் சதர்க் பகுதிக் கிறித்தவ ஆயர் மெர்வின் ஸ்டாக்வுட்டும் எதிரே அமர்ந்து, படத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்ற தொனியில் ஒதுக்கினார்கள். இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸ் பெற்ற கூலியைச் சுட்டி, உங்களுக்கான முப்பது வெள்ளிக்காசு கிடைத்துவிடும் என்று ஆயர் குத்திக் காட்டினார். பக்கத்தில் கிளீஸ் நிதானம் இழக்காமல் வாதிட, சாது என்று பெயரெடுத்தவரின் முகத்தில்தான் கோபம் தெளிவாகத் தெரிந்தது.

கடைசியாக, பட்டங்கள். 2000இல் அவருக்குக் கிடைத்தது சிபிஇ என்னும் பிரித்தானிய அரச விருது. அதற்கு 'சர்' கிடையாது. 'சர்' பட்டம் 2019 புத்தாண்டு விருதுப் பட்டியலில் வந்தது. அதுவும் நகைச்சுவைக்காக அல்ல, பயணம், பண்பாடு, புவியியல் ஆகியவற்றுக்கு ஆற்றிய பணிக்காக. 2009 முதல் 2012 வரை அரச புவியியல் கழகத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். பட்டத்தைச் சேர்த்து எழுதும்போது 'சர் மைக்கேல்' என்றோ 'சர் மைக்கேல் பேலின்' என்றோ எழுத வேண்டும். 'சர் பேலின்' என்பது ஆங்கில மரபில் இல்லாத வழக்கு.