சேலத்தில் பவளத் தொட்டி: லைட், தீனி நேரத்தில் செய்யக் கூடாதவை

எனக்குத் தெரிந்தவர்களிலேயே கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஜோடி க்ளவுன் மீன், பூப்போல விரியும் ஜோவாந்தஸ் கொஞ்சம், குடை போன்ற பவளமான லெதர் கோரல் ஒன்று என்று ஆரம்பிக்கிறார்கள். அனுப்பும் படங்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் செய்த கோளாறுகளே திரும்பவும் தெரிகின்றன. உப்பளவு பார்ப்பது, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். லைட்டுக்கும் தீனிக்கும் நேரம் வைப்பதை யாரும் சரியாகச் சொல்வதில்லை.

முதலில் ஒன்று. நான் பேசுவது இவற்றைப் போல, கல் போன்ற கூடு கட்டாத மென்பவளங்களைப் பற்றி மட்டும். நம் கடலின் கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நிறம் சரியில்லை என்று லைட்டைக் கூட்டுவது

அம்மாப்பேட்டையில் ஒரு தம்பி. அவருடைய லெதர் கோரல் பழுப்பாக இருந்தது. வீடியோவில் பார்த்த பளிச்சென்ற நிறம் வரவில்லை என்று, சித்திரை மாதத்தில் நல்ல விலை கொடுத்துப் புது எல்.இ.டி. வாங்கி, மாட்டிய அன்றே 100 சதவீதத்தில் எரியவிட்டார். இரண்டு மூன்று நாளில் போன் வந்தது: "அண்ணா, லைட் வேலை செய்யுது. பழுப்பு போய் நல்லா வெள்ளையா வருது!"

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். குடை போல விரிந்திருக்க வேண்டிய கோரல் சுருங்கி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. மேலே புல் போல நிற்கும் பாலிப் ஒன்றுகூட வெளியே இல்லை. ஓரமெல்லாம் கண்ணாடி போல வெளிறியிருந்தது. ஜோவாந்தஸ் அத்தனையும் மொட்டாக மூடியிருந்தன. தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டியது. அவர் நிறம் ஏறுகிறது என்று நினைத்தது வெளுப்பு.

இந்தத் தவறு எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது. பணத்தைச் செலவழித்து, ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்து, நன்றாக இருந்த உயிரைக் கெடுப்பது இது. அந்தப் பழுப்பு நோயே இல்லை. பவளத்தின் திசுவுக்குள் ஜூசான்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. அது வெளிச்சத்தில் சமைக்கும் சர்க்கரைதான் பவளத்துக்குப் பெரும்பாலான சாப்பாடு. வெளிச்சம் குறைவாகவோ, தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட், பாஸ்பேட் அதிகமாகவோ இருந்தால் இந்தப் பாசி நெருக்கமாகப் பெருகும். அதனால்தான் பழுப்பு. உயிர் நன்றாகவே இருக்கும்.

அந்த நிலையில் திடீரென்று கடும் வெளிச்சம் விழுந்தால் பாசியால் அதைக் கையாள முடியாது. நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் உருவாகித் திசுவைத் தாக்கும். பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் குறைந்த வெளிச்சத்திலேயே இது நடக்கும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பரவலாக வெளுத்தன. திறந்த கடலிலேயே அப்படியென்றால், சேலத்துச் சித்திரையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் ஒரு சின்னத் தொட்டி என்ன தாங்கும்? ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் வளர்ந்த காப்பிச் செடியைப் பிடுங்கி மேட்டூர் வெயிலில் நடுவது போன்ற வேலை அது.

புது லைட் என்றால் 30 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றினால் போதும். பாலிப் சுருங்கினால் ஒரு படி இறக்கி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை ஏற்றவே வேண்டாம். ஏற்கெனவே வெளுத்துவிட்டால் லைட்டைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரை 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, பவளத்தை இடம் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். தேற வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அந்தத் தம்பியின் லெதர் கோரல் பிழைத்தது. ஜோவாந்தஸ் பாதிதான் திரும்பின.

மதியம் முழு வெளிச்சம்

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு காலை 10 முதல் மாலை 6 வரை வைக்கிறார்கள். சேலத்தில் அறை அதிகம் கொதிப்பது பிற்பகலில். அந்த நேரத்தில் லைட்டின் சூடும் சேர்ந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓய்வில்லாமல் ஓடும். சில்லர் இல்லாதவர் நிலை இன்னும் மோசம். பவளத்துக்கு வேண்டியது தினமும் ஒரே மாதிரியான எட்டு ஒன்பது மணி நேரம். அது எப்போது தொடங்குகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. என் தொட்டியில் பிற்பகல் 3 மணிக்கு நீல வெளிச்சம் ஏறத் தொடங்கும், 5 முதல் 10 வரை முழு அளவு, 11க்கு அணையும். வேலை முடிந்து வருபவருக்கும் பார்க்கக் கிடைக்கும்.

தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் நம் வறண்ட காற்றில் ஓரிரு டிகிரி குறையும். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும்.

ஊசி டைமரை நம்புவது

கால் மணிக்கு ஓர் ஊசியை அழுத்தி வைக்கும் வட்ட டைமர் இருக்கிறதே, அதற்குள் பேட்டரி கிடையாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஆறு மணி நேரம் கரண்ட் போனால் அதுவும் ஆறு மணி நேரம் நின்றுவிடும். அப்புறம் 3 மணிக்கு எரிய வேண்டிய லைட் இரவு 9க்கு எரிந்து விடிகாலை 5க்கு அணையும். நீங்கள் தூங்குவதால் கண்ணில் படாது. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், அல்லது கரண்ட் வந்ததும் முதல் வேலையாக டைமரைத் திருப்பி வையுங்கள்.

கரண்ட் போன நாளில் தீனி

வேண்டாம். மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. நீரோட்டமும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் நின்ற தொட்டியில், அதுவும் சூடான தண்ணீரில், ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மிஞ்சிய தீனி அழுகினால் இருப்பதும் போய்விடும். ஃப்ரீசரில் இளகி மறுபடி உறைந்த மைசிஸ் (மீன் தீனியாகும் சின்ன இறால்) கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மற்ற நாட்களில் கட்டியைத் தொட்டித் தண்ணீரில் இளக்கி, டீ வடிகட்டியில் வடித்து, இறாலை மட்டும் போடுங்கள். அந்தக் கலங்கல் நீரில் பாஸ்பேட்தான் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வீட்டில் ஒரே ஒருவர் போட வேண்டும். தாத்தா காலையில், பேரன் பள்ளி விட்டு வந்ததும், அம்மா இரவில் என்று ஆளுக்கொரு சிட்டிகை போடும் வீட்டில் கண்ணாடி பச்சையாகத்தான் இருக்கும்.

நைட்ரேட்டைப் பூஜ்ஜியம் ஆக்குவது

கண்ணாடியில் படியும் பாசிக்குப் பயந்து தீனியை நிறுத்தாதீர்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கட்டும். பூஜ்ஜியத்தில் பவளம் பட்டினி கிடக்கும், டைனோ என்ற பழுப்பு வழவழப்பு வந்து படியும்.

விருந்தாளி வந்தால் நடு இரவில் லைட் போடுவது

கூடாது.

சேலத்து அட்டவணையை ஏற்காட்டில் வைப்பது

மலையில் பிரச்சினை தலைகீழ். மார்கழி இரவில் தண்ணீர் மளமளவென்று குளிரும். சில்லருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். லைட்டைப் பகலுக்கே வைக்கலாம்: காலை 10க்குத் தொடங்கி மாலை 6க்கு அணைத்தால் சரி.