க்ரூகரில் குடும்பத்தோடு தங்க ரூம் போடுவது எப்படி

மே, ஜூன், ஜூலை மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் நாம் தங்கும் கேம்ப்களின் கேட்டை மாலை 5:30 மணிக்கு மூடிவிடுவார்கள். மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் பன்னிரண்டரை மணி நேரம் வேலிக்குள்ளே நாம், வெளியே மிருகங்கள். நாலு வயசுப் பிள்ளைக்குப் பசிக்கும், பாட்டிக்கு வெந்நீர் வேண்டும், பத்து வயசுக்காரனுக்குப் போரடிக்கும். ரூம் பார்க்கிறவர்கள் முதலில் இந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தை மனசில் வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கம் எங்கே நிறைய வரும் என்ற கேள்வியை அதற்கு அப்புறம் கேட்கலாம்.

ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருக்கிறவள் நான். அதனால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் க்ரூகரில் ரூம் போட்டுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே புரிய வேண்டும். க்ரூகர் வடக்கு தெற்காகச் சுமார் 360 கிலோமீட்டர் நீளம். தார் ரோட்டில் மணிக்கு 50, மண் ரோட்டில் 40, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. யானை குறுக்கே நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். ஆகவே கணக்குப் போடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குகூஸா என்ற கேம்பிலிருந்து சதாரா என்ற கேம்புக்கு 92 கிலோமீட்டர். மேப்பில் பக்கம் மாதிரி தெரியும், ஆனால் நின்று பார்த்துப் போனால் ஒரு பகல் அதிலேயே போய்விடும்.

எப்போது போடுவது

தென்னாப்பிரிக்க தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பின் இணையதளத்திலேயே நேரடியாக ரூம் போடலாம். 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். இங்குள்ள குடும்பங்கள் வருஷா வருஷம் ஒரே காட்டேஜைப் பிடிக்கிற ரகம். டிசம்பர் விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் ஜூன்-ஜூலை பள்ளி விடுமுறைக்கும் பெரிய காட்டேஜ்கள் பதிவு திறந்த சூட்டோடு நிறைந்துவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவு இதில் நமக்குச் சாதகம். மே மாதத்தில் இங்கே பள்ளிகள் நடக்கும், ஈஸ்டர் கூட்டமும் கலைந்திருக்கும். மழை நின்று வெயில் இதமாகியிருக்கும். புல் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், அதனால் சிறுத்தை கிறுத்தை பார்ப்பதற்கு ஆகஸ்ட், செப்டம்பர் இன்னும் நல்லது. ஆனால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு மே என்றுதான் நான் சொல்வேன். காலையில் மட்டும் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

மலேரியாவைப் பற்றிக் கேட்காமல் யாரும் ஃபோனை வைத்ததில்லை. க்ரூகர் மலேரியா உள்ள பகுதிதான். செப்டம்பரிலிருந்து மே வரை, மேயும் சேர்த்துத்தான், மழைக்காலத்தை ஒட்டி ஆபத்து கூடுதல், குளிர்காலத்தில் குறைவு. மாத்திரை வேண்டுமா, எது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ கூட வருகிறார்கள் என்றால் க்ரூகரை விட்டுவிட்டு பிலானஸ்பெர்க், மடிக்வே அல்லது அடோ யானைப் பூங்காவைப் பாருங்கள். அங்கெல்லாம் மலேரியா இல்லை.

எந்த மாதிரி கேம்ப்

பெரிய கேம்ப்களை ரெஸ்ட் கேம்ப் என்பார்கள். ஸ்குகூஸா, லோயர் சாபி, சதாரா, ஒலிஃபன்ட்ஸ், லெட்டாபா, பெர்க்-என்-டால் எல்லாம் இந்த வகை. கடை, ரெஸ்டாரன்ட், பெட்ரோல் பங்க் மூன்றும் உள்ளேயே இருக்கும். முதல் தடவை குழந்தைகளோடு வருகிறவர்கள் இதற்கு வெளியே யோசிக்க வேண்டாம்.

அடுத்தது புஷ்வெல்ட் கேம்ப்: பியாமிட்டி, தலமாட்டி, ஷிமுவினி, சிர்ஹேனி, பட்டலூர் என்று ஐந்து. சில வீடுகள் மட்டும், சமையலறையோடு. கடையும் கிடையாது, ரெஸ்டாரன்டும் கிடையாது. பகலில் வந்து போகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். பியாமிட்டியில் தங்குகிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு தனி ரோடே இருக்கிறது. இரண்டாவது தடவை வருகிற குடும்பத்துக்கு, அரிசி பருப்பைக் கையோடு கொண்டு வரத் தெரிந்தவர்களுக்கு, இதைவிட நல்ல இடம் க்ரூகரில் இல்லை என்பேன். என் மாமியார் தலமாட்டியில் குக்கர் வைத்து ரசம் சாதம் செய்ததைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார், அங்கே பார்த்த மிருகங்களைப் பற்றி அல்ல.

பலூலே என்று ஒரு சின்ன கேம்ப் உண்டு. கரண்ட் கிடையாது. படத்தைப் பார்த்து மயங்கி, பாட்டியோடும் கைக்குழந்தையோடும் அங்கே போட்டுவிடாதீர்கள். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து வந்தால் போல்டர்ஸ், ரூடேவால் என்ற புஷ் லாட்ஜ்கள் இருக்கின்றன. முழு இடத்தையும் ஒரே குழுவுக்குத்தான் கொடுப்பார்கள். போல்டர்ஸைச் சுற்றி வேலி இல்லை, அதனால் ஓடித் திரியும் வயசுப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட் போன்ற இடங்களில் தனியார் லாட்ஜ்கள் உண்டு. சாப்பாடு, ஜீப், வழிகாட்டி எல்லாம் சேர்த்து வாங்குவார்கள், காசு பல மடங்கு. பல லாட்ஜ்களில் சின்னப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றமாட்டார்கள், சிலவற்றில் தங்கவே விடமாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் வயது வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பங்களா என்றால் பங்களா இல்லை

எல்லோரும் இடறுகிற இடம் இது. சான்பார்க்ஸ் கணக்கில் பங்களா என்றால் கூம்புக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு அல்லது மூன்று கட்டில், ஒரு பாத்ரூம், முன்னால் ஒரு திண்ணை. ஃப்ரிட்ஜும் அடுப்பும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில்தான் இருக்கும். ‘பங்களா கிடைத்துவிட்டது’ என்று சந்தோஷமாக ஐந்து பேர் கிளம்பி வந்து நிற்பார்கள்.

ஹட் என்று போட்டிருந்தால் குளியலறையும் கழிப்பறையும் வெளியே, பொதுவில். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்பி டார்ச்சோடு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். சஃபாரி டென்ட்டுக்குள் கட்டில், மெத்தை எல்லாம் இருக்கும், பல இடங்களில் பாத்ரூமும் சேர்ந்தே இருக்கும். ஆனால் லோயர் சாபியில் உள்ளவை போலக் கால் நாட்டி உயரத்தில் கட்டியவற்றுக்குப் படி ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்களைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். மற்றபடி பிள்ளைகளுக்கு டென்ட்டைப் போல ஒன்று கிடையாது. துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீர்யானை உறுமுவதைக் கேட்டுக்கொண்டு தூங்கும் சுகம் சிமென்ட் சுவருக்குள் வராது.

தாத்தா பாட்டியோடு வரும் குடும்பத்துக்கு ஃபேமிலி காட்டேஜ்தான் சரி. நாலு அல்லது ஆறு பேருக்கு இரண்டு மூன்று படுக்கையறை, நடுவில் ஹால், முழுச் சமையலறை. பெரும்பாலானவற்றில் இரண்டு பாத்ரூம் இருக்கும், ஒவ்வொன்றிலும் இல்லை, பார்த்துப் போடுங்கள். மாலை ஆறு மணிக்குச் சின்னதைத் தூங்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு மற்றவர்கள் ஹாலில் உட்கார்ந்து பேசலாம். ஒற்றை அறை பங்களாவில் அந்த நேரத்தில் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு பங்களா எடுத்தால் சில சமயம் காட்டேஜைவிட மலிவாக வரும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நீங்கள் போடுவது ரூம் வகையைத்தான், நம்பரை அல்ல. முன்கூட்டியே மெயிலில் கேட்டு வையுங்கள், போனதும் ரிசப்ஷனிலும் கேளுங்கள், முடிந்தால் தருவார்கள்.

இணையதளத்தில் ஒவ்வொரு ரூம் வகைக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு விவரம் இருக்கும். அதில் மூன்று சொற்களைத் தேடுங்கள். முதலாவது சமையல் பாத்திரம்: சில பங்களாக்களில் ஃப்ரிட்ஜ் மட்டும் இருக்கும், தட்டு, கரண்டி, அடுப்பு எதுவும் இருக்காது, பொதுச் சமையலறைக்குப் போக வேண்டும். இரண்டாவது கட்டில்: ‘ஆறு பேர்’ என்று போட்டிருக்கும், அதில் இரண்டு பேர் ஹாலில் சோஃபாவை விரித்துப் படுக்கிற கணக்காக இருக்கும். மூன்றாவது வேலியோரம் அல்லது ஆற்றோரம். இதற்குக் கொஞ்சம் காசு கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கேட் மூடிய பிறகு டிவி இல்லாத அந்த நேரத்தில் வேலியோரம் கழுதைப்புலி நடந்து போவதைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பொழுது. அதற்குச் சாப்பாடு மட்டும் போடக்கூடாது.

சைவக்காரர்கள் சமையலறை இல்லாத ரூமை எடுக்கவே வேண்டாம். ரெஸ்டாரன்டில் உங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும்தான் மிஞ்சும். மின்சார அடுப்பு மெதுவாகச் சூடாகும், ஒரு சின்ன குக்கர் கொண்டு வந்தால் சீக்கிரம் முடியும். படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் அவர்களே தருவார்கள்.

எந்த கேம்ப்

லோயர் சாபி என் முதல் பதில். ஆற்றைப் பார்த்த ரெஸ்டாரன்ட் மேடை, கேம்பிலிருந்து சில நிமிடத்தில் சன்செட் டாம் என்ற நீர்த்தேக்கம். முதலை, நீர்யானை, கொக்கு என்று காரை அணைத்துவிட்டு அங்கேயே ஒரு மாலை முழுக்க இருக்கலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாகச் சுற்ற வேண்டியதில்லை. எல்லோருக்கும் இது தெரியும் என்பதுதான் சிக்கல், சீக்கிரம் நிறைந்துவிடும்.

சதாரா புல்வெளி நடுவில். சிங்கம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களை அங்கே அனுப்புவேன். ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு மேலே உயர்ந்த பாறை விளிம்பில் இருக்கிறது, காட்சிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஸ்குகூஸா ஒரு சின்ன டவுன், கூட்டம் அதிகம். ஆனால் டாக்டர் இருக்கிறார், விமான நிலையம் இருக்கிறது. வயசானவர்களோடு வரும்போது இந்த இரண்டுக்காகவே நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பிரிட்டோரியஸ்கோப்பில் பாறையோடு சேர்த்துக் கட்டிய நீச்சல்குளம், நண்டு சிண்டுகளுக்கு அது போதும்.

நாலு ராத்திரி என்றால் இரண்டு கேம்ப், அதற்கு மேல் மாற்றாதீர்கள். ரூம் கைக்கு வருவது மதியம் 2 மணிக்கு, காலி செய்ய வேண்டியது காலை 10 மணிக்கு. தினம் ஒரு கேம்ப் என்று போட்டால் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே லீவு தீர்ந்துவிடும்.

முதல் ராத்திரி மட்டும் பூங்காவுக்குள் நுழையும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காலையில் கிளம்பினால் வழியில் பாத்ரூம், டீ, டோல் என்று மதியம் தாண்டித்தான் வந்து சேருவீர்கள். மலலேன் கேட்டிலிருந்து பெர்க்-என்-டால் 12 கிலோமீட்டர். பால் க்ரூகர் கேட்டிலிருந்து ஸ்குகூஸாவும் 12. ஆனால் ஓர்ப்பன் கேட்டிலிருந்து சதாராவுக்கு 48, பலபோர்வா கேட்டிலிருந்து லெட்டாபாவுக்கு 50 கிலோமீட்டர் போக வேண்டும். கேம்ப் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நும்பி கேட்டுக்குப் போகும் ரோட்டில் 2022 அக்டோபரில் ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சொந்தக்காரர்களை அந்த வழியாக நான் அனுப்புவதில்லை, மலலேன் வழியாக வரச் சொல்கிறேன்.

காசு கட்டும்போது

ரூம் வாடகையில் நுழைவுக் கட்டணம் சேராது. இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தனி. தென்னாப்பிரிக்கர்களுக்கு ஒரு விலை, பக்கத்து நாட்டுக்காரர்களுக்கு ஒரு விலை, மற்ற வெளிநாட்டவர்களுக்கு அதற்கும் மேலே. நம் ஊர் பாஸ்போர்ட்டுக்கு உள்ளூர்க்காரரைப் போல நாலு மடங்குக்கு மேலே வரும். ஐந்து பேர், ஐந்து நாள் என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அப்போது வைல்ட் கார்ட் என்ற வருடாந்திர அட்டையின் விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குடும்ப அட்டையில் இரண்டு பெரியவர்களும் அவர்களோடு வரும் பிள்ளைகளும் அடங்குவார்கள். தாத்தா பாட்டி அதில் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தனியாகக் கணக்குப் பாருங்கள்.

ரூம் போடும்போதே பூங்காக்காரர்களே கூட்டிப்போகும் மாலை வேன் சவாரியையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். கேட் மூடிய பிறகும் வெளியே இருக்க அதுதான் சுலபமான வழி. 6 வயசுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றமாட்டார்கள். எனவே யார் போவது, யார் சின்னதோடு ரூமில் இருப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு டிக்கெட் வாங்குங்கள். நடந்து போகும் சஃபாரிக்கு 12 வயசு ஆகியிருக்க வேண்டும்.

வேண்டிய தேதிக்கு இடம் இல்லை என்று வந்தால் ஏஜென்டிடம் ஓடாதீர்கள். கட்டிய தேதிகளை ஜனங்கள் ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, காலை காப்பியோடு ஒரு தடவை இணையதளத்தைத் திறந்து பாருங்கள், முக்கியமாகப் பயணத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில். தொடர்ந்து நாலு ராத்திரி தேடினால் ‘இல்லை’ என்றுதான் காட்டும். ஒவ்வொரு ராத்திரியாகத் தேடுங்கள், முதல் இரண்டு ராத்திரி பங்களாவும் அடுத்த இரண்டு ராத்திரி காட்டேஜும் என்று அதே கேம்பில் கிடைத்துவிடும்.

உறுதிச் சீட்டை அச்செடுத்து எல்லோர் பாஸ்போர்ட்டோடும் காரின் முன் சீட்டில் வையுங்கள், கேட்டில் கேட்பார்கள். ரூமுக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் திண்ணை ஃப்ரிட்ஜின் கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டாவிட்டால் உடனே ரிசப்ஷனில் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாழைப்பழமும் பிரட்டும் மதியத்துக்குள் குரங்குக்குப் போய்விடும்.